5 வாரங்களாகியும் தண்ணீர்கூட இறங்கவில்லை: எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் உண்பதும் பருகுவதும்

எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவைச் சிகிச்சை முடிந்து 5 வாரங்கள் ஆகின்றன, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் நீரும் 60 கிராம் புரதமும் உட்கொள்ள வேண்டும் என்று மருத்துவமனையில் கொடுத்த தாளில் இருக்கிறது, ஆனால் மசித்த உணவில் நான்காவது கரண்டியிலேயே நெஞ்சுக்கு நடுவே அடைத்துக்கொள்கிறது, வாரத்தில் மூன்று நான்கு முறை வாந்தி வருகிறது, தண்ணீர் குடித்தால்கூட வலிக்கிறது, இது எப்போது சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவில், "அறுவை செய்துகொண்டதே தப்போ என்று தோன்றுகிறது" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு உங்கள் கேள்வி நாள்கணக்கோடு முடியவில்லை என்று புரிந்தது. உங்களுக்கு நேர்வது எல்லாருக்கும் நேர்வதுதானா, உள்ளே ஏதேனும் கோளாறா, நீங்கள் உண்ணும் முறையில் பிழை உண்டா, இனி வாழ்நாள் முழுவதும் சாப்பாட்டைக் கண்டு அஞ்சிக்கொண்டேதான் இருக்க வேண்டுமா என்பவையே நீங்கள் கேட்பவை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் உணவியலாளர். உடல் பருமனுக்கான அறுவைச் சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாக, அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளோடு உட்கார்ந்து அவர்களுடைய உணவைத் திட்டமிடுவது என் வேலை. அறுவை மருத்துவர் அல்லேன். உங்களை நேரில் பார்க்காமலும், எண்டோஸ்கோபி, இரத்தப் பரிசோதனை முடிவுகள் கையில் இல்லாமலும் உங்கள் இரைப்பை நலமாக இருக்கிறது என்று உறுதி கூற எனக்கு உரிமையில்லை. ஆகவே, எது ஐயமில்லாமல் தெரிந்தது, எது நடைமுறையில் சொல்லப்பட்டு வருவது, எதை உங்கள் மருத்துவர் மட்டுமே தீர்மானிக்க முடியும் என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஐயமில்லாத பகுதி. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறக்குறைய 75 முதல் 80 விழுக்காட்டை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். எஞ்சுவது வாழைப்பழத்தின் வடிவில் ஒரு குறுகலான குழாய். அதன் கொள்ளளவு சுமார் 100 முதல் 150 மில்லி. கொள்ளளவு குறைந்துவிட்டதை எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அதனோடு சேர்ந்து போன இன்னொன்றை நோயாளிகளுக்கு யாரும் அதிகம் விளக்குவதில்லை. இரைப்பையின் மேற்பகுதி, உணவு உள்ளே வரவரத் தன்னைத் தளர்த்திக்கொண்டு இடம் கொடுக்கும் இயல்புடையது. முன்பு நீங்கள் வயிறு நிறையச் சாப்பிட்டு, மேலே ஒரு குவளைத் தண்ணீரும் குடித்தபோது அழுத்தமே தெரியாமல் இருந்ததற்கு அந்தப் பகுதிதான் காரணம். அறுவையில் எடுக்கப்படுவதில் பெரும்பங்கு அதுவே. மிஞ்சியுள்ள குழாய்க்கு அப்படித் தளர்ந்து கொடுக்கத் தெரியாது. ஆகவே ஒரு கரண்டி கூடினாலும் உள்ளழுத்தம் சட்டென்று ஏறி, நெஞ்செலும்புக்குப் பின்னால் வலியாகவோ அடைப்பாகவோ தெரிகிறது. போதாக்குறைக்கு, வெட்டித் தைத்த விளிம்பைச் சுற்றியுள்ள திசு முதல் சில வாரங்களுக்கு வீங்கியும் விறைத்தும் இருக்கும்.

இதனால்தான், இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை கொடுப்பது உண்ணும் அளவைவிட உண்ணும் வேகம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். வார்டில் நடப்பது ஒன்றைச் சொல்கிறேன். அறுவைக்கு மறுநாள், மருந்து அளக்கும் 30 மில்லிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்து, கால் மணி நேரத்தில் குடித்து முடியுங்கள் என்பேன். இத்தனூண்டு தண்ணீருக்கா கால் மணி நேரம் என்று நினைத்து, ஏறக்குறைய எல்லாரும் ஒரே மடக்கில் விழுங்கிவிடுவார்கள். அடுத்த நொடியே கண் விரியும், கை நெஞ்சுக்குப் போகும், வாயைத் திறக்காமல் தலையை மட்டும் அசைப்பார்கள். வலி அடங்கியதும் இரண்டாவது கோப்பையைக் கொடுப்பேன். இந்த முறை உதடு நனையும் அளவுக்கு எடுத்து, வாயிலேயே சிறிது நேரம் வைத்திருந்து விழுங்கி, கோப்பையை மேசைமேல் வைத்துவிடச் சொல்வேன். கோப்பையைக் கீழே வைப்பதுதான் இதில் முக்கியம், ஏனென்றால் கையிலேயே இருக்கும் கோப்பை நம்மை அறியாமல் மீண்டும் வாய்க்குப் போகும். அதே 30 மில்லி, அதே இரைப்பை. இரண்டாவது கோப்பை வலியில்லாமல் இறங்கிவிடும். தாகத்தில் இருப்பவர் இயல்பாக எடுக்கும் ஒரு மிடறே 20 மில்லியளவு இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தப் பயிற்சியைப் பலர் வார்டில் கற்று, வீட்டுக்குப் போன இரண்டாம் வாரத்தில், உடம்பு தேறிவிட்டது என்ற தெம்பில் மறந்துவிடுகிறார்கள்.

ஒன்றரை லிட்டர் என்ற எண் உங்களை மலைக்க வைத்திருக்கிறது. அதை நாள் முழுவதற்கும் பிரித்துப் போட்டால் அச்சம் குறையும். ஒரு நாளில் 16 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். மூன்று வேளை உணவுக்கு, ஒவ்வொன்றுக்கும் சாப்பிடும் நேரமும் அதற்குப் பின் காத்திருக்கும் நேரமும் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்தால் 13 மணி நேரம் மிஞ்சும். கால் மணிக்கு 30 மில்லி வீதம் மணிக்கு 120 மில்லி. 13 மணி நேரத்தில் 1,560 மில்லி. ஒரே மூச்சில் அரைக் குவளை குடிக்க வேண்டிய தேவை நாள் முழுவதும் ஒருமுறைகூட வராது. தண்ணீர் மட்டுமே இந்தக் கணக்கில் சேரும் என்றும் எண்ண வேண்டாம். பால், வடிகட்டிய சூப், சர்க்கரை சேர்க்காத நீர்மப் பானங்கள் அனைத்தும் சேரும். வெறும் தண்ணீர் கல் விழுந்தாற்போல் கனக்கிறது என்று என்னிடம் சொன்னவர்கள் மிகப் பலர். அவர்களில் சிலருக்கு வெதுவெதுப்பான நீர் இதமாக இருந்தது, சிலருக்குப் பனிக்கட்டியை வாயில் வைத்துக் கரைய விடுவது எளிதாக இருந்தது, சிலருக்கு எலுமிச்சை வாசனை பட்டாலே போதுமாக இருந்தது. இதில் ஒருவருக்குப் பொருந்தியது இன்னொருவருக்குப் பொருந்துவதில்லை என்பதால், மூன்றையும் முயன்று பார்த்து உங்களுக்கு ஒத்துவருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு 30 நிமிடம் கழித்தே குடிக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும் கொடுக்கும் விதி. இதன் அடிப்படையைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதல் மாதங்களில் சிறிய குழாய்க்குள் உணவும் நீரும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் இடம் போதாமல் வலியும் வாந்தியும் வருகின்றன. இதை நாள்தோறும் கண்ணால் பார்க்கிறோம், ஐயமில்லை. நீர் உணவை அடித்துக்கொண்டு போய் இரைப்பையை விரைவில் காலி செய்துவிடும், அதனால் பசி சீக்கிரம் வந்து எடை மீண்டும் ஏறும் என்று சொல்லப்படும் காரணத்துக்கு வலுவான ஆய்வு ஆதாரம் இல்லை. உறிஞ்சுகுழல் பயன்படுத்தக் கூடாது என்பதும் அப்படித்தான்: காற்று உள்ளே போகும் என்ற எண்ணத்தில் சொல்லப்படுவது, சிலருக்குக் குழல் உதவியாகவே இருக்கிறது. வாயு நிறைந்த பானங்கள் இரைப்பையை நிலையாக விரித்துவிடும் என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் அவை உடனடியாக உப்புசமும் வலியும் தரும் என்பதில் ஐயமில்லை என்பதால், நான் அவற்றைத் தள்ளிவைக்கவே சொல்கிறேன். இவற்றையெல்லாம் எழுதுவது விதியை மீறுவதற்காக அன்று. சாப்பிட்டு 20 நிமிடத்தில் தொண்டை வறண்டு இரண்டு சொட்டு நீர் குடித்துவிட்டதற்காக அழுத நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அஞ்ச வேண்டிய விதி அதுவன்று.

இனி உணவுக்கு வருவோம். நான்காவது கரண்டியில் அடைக்கிறது என்றால், நான் முதலில் கேட்பது அந்த நான்கு கரண்டிகளுக்கு எத்தனை நிமிடம் ஆனது என்பதையே. விழுங்கிய கவளம் இரைப்பைக்குள் இறங்கி, "போதும்" என்ற செய்தி உங்களை எட்டுவதற்குள் அடுத்த இரண்டு கவளங்கள் உள்ளே போயிருந்தால், நீங்கள் நிறுத்தும்போது குழாய் ஏற்கெனவே நிரம்பித் ததும்பிக்கொண்டிருக்கும். ஒரு வேகவைத்த முட்டையைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். பாதியை மசித்து, சிறிய கரண்டியின் நுனியில் சுண்டுவிரல் நகமளவு எடுத்து, வாயிலேயே கூழாகும் வரை மென்று விழுங்கி, கரண்டியைத் தட்டில் வைத்து ஒரு நிமிடம் காத்திருந்தால், அந்தப் பாதி முட்டைக்கு 20 நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் உடல் தரும் அறிகுறிகளைக் கவனியுங்கள். இரைப்பை நிரம்புவதைப் பழையபடி வயிற்றில் தேடினால் கிடைக்காது. திடீரென மூக்கு ஒழுகும், விக்கல் வரும், தும்மல் வரும், காரணமில்லாமல் ஒரு பெருமூச்சு வரும், அல்லது நெஞ்செலும்புக்குக் கீழே இலேசாக ஓர் இறுக்கம் தெரியும். ஒவ்வொருவருக்கும் இவற்றில் ஏதோ ஒன்று முதலில் வரும். அது வந்தவுடன், தட்டில் ஒரு கரண்டிதான் மிச்சம் என்றாலும் எழுந்துவிட வேண்டும். உணவை வீணாக்கக் கூடாது என்று சிறு வயதிலிருந்து பழகிய மனத்துக்கு இது கடினம். அதனால் ஆரம்பத்திலேயே மிகக் குறைவாகப் பரிமாறிக்கொள்ளுங்கள்.

எந்த உணவு என்பதும் ஓரளவு முக்கியம். உலர்ந்த இறைச்சி, புதிய ரொட்டி, கட்டியாகத் திரண்ட சோறு, நார் மிகுந்த காய்கள் ஆகியவை முதல் மாதங்களில் அதிகம் சிக்கிக்கொள்பவை. நேற்று சமைத்து இன்று மீண்டும் சூடாக்கிய கோழி இறைச்சி, ஈரம் வற்றி நூல் நூலாகிவிடுவதால், என் அனுபவத்தில் மிக மோசமானது. குழம்போடு ஈரமாக இருக்கும் மென்மையான மீனும், தயிரும், மசித்த பருப்பும், இளகலாகக் கிளறிய முட்டையும் எளிதில் இறங்கும். நீர்மம், கூழ், மென்மை, இயல்பான உணவு என்று படிப்படியாக ஏறும் வரிசை எல்லா இடத்திலும் உண்டு. எந்தப் படி எத்தனை நாள் என்பதில்தான் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபாடு. இயல்பான உணவுக்குப் பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் அனுப்புவார்கள். ஒரு படி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரண்டு மூன்று நாள்கள் முந்தைய படிக்குத் திரும்பி, மீண்டும் முயல்வதில் தோல்வி ஒன்றுமில்லை.

60 கிராம் புரதம் என்பதைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன்: ஐந்தாவது வாரத்தில் திட உணவால் மட்டும் அதை எட்டுபவர்கள் அரிது. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம், 100 கிராம் தயிரில் ஏறக்குறைய 4 கிராம். நீங்கள் சாப்பிடும் அளவை இதில் பெருக்கிப் பார்த்தாலே தெரியும். அதனால்தான் இந்த மாதங்களில் புரதப் பொடி கலந்த பானம் பரிந்துரைக்கப்படுகிறது. அதை மெல்லப் பருகினால் நீர்க் கணக்கும் புரதக் கணக்கும் ஒன்றாக நிறைகின்றன. இரண்டும் ஒரே நாளில் முடியாமல் போனால், நீருக்கு முதலிடம், புரதத்துக்கு இரண்டாம் இடம், மாத்திரைகளை எந்த நாளும் விடக்கூடாது, மற்ற உணவெல்லாம் அதற்குப் பிறகு என்பதே நான் நோயாளிகளுக்குச் சொல்லும் வரிசை. புரதம் சில நாள் குறைந்தால் உடல் தாங்கும். நீர் இரண்டு நாள் குறைந்தால் தாங்காது. இந்த அறுவைக்குப் பின் மக்கள் மீண்டும் மருத்துவமனைக்கு வரும் காரணங்களில் நீரிழப்பு முன்வரிசையில் இருக்கிறது.

வாந்தியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கடந்து போனீர்கள். நான் அப்படிக் கடக்க விரும்பவில்லை. கவளம் சிக்கிக்கொண்டு, வாயில் நுரைத்த எச்சில் பொங்கி வந்து, அந்தக் கவளம் வெளியே வந்ததும் நிம்மதி ஆகிவிடுவது ஒரு வகை. அது வேகத்தின் விளைவு, வேகத்தைக் குறைத்தால் நிற்கும். நீர்மம்கூட நிற்காமல், நாள்தோறும், சாப்பிடாத நேரத்திலும் வருவது வேறு வகை. உடல் தயமின் எனப்படும் வைட்டமின் பி1-ஐ இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்கு அது வற்றிப்போனால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். என் பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒரு பெண், அறுவை முடிந்த ஆறாவது வாரத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். சுவர்க் கடிகாரம் இரண்டாகத் தெரிகிறது என்றார். பத்து நாள்களுக்கு மேலாக வாந்தி எடுத்திருக்கிறார், அறுவைக்குப் பின் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு ஆயத்தமானவர்களை மூத்த மருத்துவர் நிறுத்தி, முதலில் தயமின் ஊசி போட வைத்தார். இந்த நிலையில் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் கொடுத்தால் பாதிப்பு கூடிவிடக்கூடும். பார்வை சில நாள்களில் சீரானது. நடை சீராக மாதங்கள் ஆயின. அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்புதான் நான் அவரோடு தொலைபேசியில் பேசியிருந்தேன். எத்தனை கிராம் புரதம் சேர்கிறது என்று கேட்ட நான், எத்தனை முறை வாந்தி வருகிறது என்று கேட்கவில்லை. அன்று முதல் என் முதல் கேள்வி அதுதான்.

ஆகவே உங்களுக்கு ஒரு அளவுகோல் தருகிறேன். மூன்றாவது வாரத்தில் இறங்கியது ஐந்தாவது வாரத்திலும் இறங்குகிறது, சற்றே கூடுதலாகவும் இறங்குகிறது, வாந்தி வரும் நாள்களில் அவசரமாகச் சாப்பிட்டது நினைவுக்கு வருகிறது என்றால், அது பழக வேண்டிய வேகம்தான் என்று நம்ப இடமிருக்கிறது. அன்று இறங்கியது இன்று இறங்கவில்லை, முதலில் திட உணவும் இப்போது நீர்மமும் நிற்க மறுக்கின்றன என்றால், குழாயின் வளைவில் ஒரு சுருக்கம் விழுந்திருக்கக்கூடும். எண்டோஸ்கோபி வழியாகப் பலூன் விட்டு விரித்துப் பல நேரங்களில் அதைச் சரிசெய்துவிடுகிறார்கள், ஆனால் காத்திருந்தால் தானாகப் போகாது. காய்ச்சல், படபடவென்று அடங்காத இதயத் துடிப்பு, தோள்வரை பரவும் வயிற்று வலி, கருத்த மலம், எழுந்தால் தலைசுற்றல், நாளுக்கு ஒன்றிரண்டு முறை மட்டுமே அடர்ந்த நிறத்தில் சிறுநீர், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இந்தப் பதிலை இரைப்பை பைபாஸ் முறையில் அறுவை செய்துகொண்டவர்களும் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கும் சிறிது. அங்கே இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். இரைப்பையிலிருந்து குடலுக்குச் செல்லும் வாயிலில் உணவைச் சிறிது சிறிதாக விடும் வால்வு அவர்களுக்கு வழியில் இல்லை. அதனால் இனிப்பான உணவு மொத்தமாகக் குடலுக்குள் விழுந்து, உடலிலிருந்து நீரை உள்ளே இழுத்து, அரை மணி நேரத்துக்குள்ளேயே படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிடிக்கும் வலி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைத் தருகிறது. இதைத்தான் டம்பிங் என்கிறார்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இது இலேசாக வருவதுண்டு. இன்னொரு வகை, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை சரிந்து வருவது. பெரும்பாலும் அறுவைக்கு ஓராண்டுக்குப் பிறகு தலைகாட்டும். அப்போது கைநடுக்கத்தோடு மனக்குழப்பமும் வந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வண்டி ஓட்டும்போது அது வந்தால் ஆபத்து. பால் ஒத்துக்கொள்ளாமல் போவதும் பைபாஸ் செய்தவர்களிடம் அதிகம்.

வைட்டமின்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்கள் தாளில் இருக்கும். அவை வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. கால்சியம் நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வேண்டும், ஒரே வேளையில் 500 அல்லது 600-க்கு மேல் உடல் சரியாக உறிஞ்சாது என்பதால் பிரித்துப் போட வேண்டும், இரும்புச் சத்து மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பெரிய மாத்திரை சிக்கினால் மென்று தின்னும் வகையோ நீர்ம வகையோ கேட்டு வாங்குங்கள். மூன்றாவது நான்காவது மாதத்தில் முடி கொட்டினால் அஞ்ச வேண்டாம், விரைந்த எடைக் குறைவால் வருவது அது, பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்ப வளர்ந்துவிடும்.

இப்போது பசியே எடுப்பதில்லை என்றும், ஆனாலும் சாப்பிட வேண்டும் போலிருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் உண்மையாகவே இருக்க முடியும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது பெரும்பாலும் சுரக்கும் இடம், உங்களுக்கு வெட்டி எடுக்கப்பட்ட அதே மேற்பகுதிதான். ஆகவே வயிற்றுப் பசி அடங்கிவிட்டது. களைப்பிலும் துயரத்திலும் தனிமையிலும் வாய் கேட்கும் பசிக்கு இரைப்பையோடு தொடர்பில்லை, அறுவையால் அது போவதுமில்லை. பல ஆண்டுகள் துணையாக இருந்த ஒன்றை இழந்தாற்போன்ற துக்கம் இந்த வாரங்களில் வருவது இயல்பு. அதை மனநல ஆலோசகரிடம் பேசுவது எடையைக் குறைப்பது போலவே சிகிச்சையின் ஒரு பகுதி. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அடைக்கும் உணவை விட்டுவிட்டு, வாயில் கரைந்து வழுக்கி இறங்கும் பிஸ்கட், ஐஸ்கிரீம், இனிப்புப் பானங்களை நோக்கிப் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். அவை வலிப்பதில்லை, நிறைவும் தருவதில்லை. நாள் முழுவதும் சிறிது சிறிதாக இவற்றைக் கொறிப்பது பின்னாளில் எடை திரும்ப ஏறுவதோடு தொடர்புடையது என்பது தெளிவாகவே தெரிந்திருக்கிறது. மதுவும் அப்படியே, இன்னும் கூடுதலான கவனத்தோடு பார்க்க வேண்டியது. பைபாஸுக்குப் பின் அது இரத்தத்தில் வேகமாகவும் உயரமாகவும் ஏறுகிறது. அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், மதுவால் சிக்கலுக்கு உள்ளானவர்கள் அறுவைக்கு முன் 7.6 விழுக்காடாக இருந்து, இரண்டாம் ஆண்டில் 9.6 விழுக்காடாக உயர்ந்திருந்தார்கள். ஸ்லீவ் பற்றிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன, ஆனாலும் முதல் ஓராண்டு தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

எப்போது சரியாகும் என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்த வரையில் இப்படிச் சொல்லலாம். இரண்டாம் மாத முடிவில் தண்ணீர் வலிக்காமல் இறங்கத் தொடங்கும். மூன்றாம் மாதத்தில் பெரும்பாலானவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறார்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் கொள்ளளவு இயல்பாகவே கூடி, ஒரு கிண்ணம், ஒன்றரைக் கிண்ணம் உணவு நிறைவாக இறங்கும். அப்படிக் கூடும்போது இரைப்பை விரிந்துவிட்டதே என்று பதற வேண்டாம், அது எதிர்பார்க்கப்படுவது. ஒரு வேளை கூடுதலாக உண்டுவிட்டதால் அறுவை வீணாகிவிடாது. எல்லாருக்கும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். ஸ்லீவ் செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் நீடிக்கின்றன, அவர்களில் சிலர் பின்னாளில் பைபாஸுக்கு மாற வேண்டியிருக்கிறது. தப்போ என்று கேட்டீர்கள். ஐந்தாவது வாரத்தில் இதே சொல்லை என்னிடம் சொன்னவர்களில் மிகப் பலர் எட்டாவது மாதத்தில் அதைத் திரும்பச் சொல்லவில்லை. சிலர் சொன்னார்கள், பெரும்பாலும் உதவி கேட்கத் தாமதித்தவர்கள் அவர்கள். இன்றைய நிலையை வைத்து அந்தத் தீர்ப்பை எழுதிவிடாதீர்கள்.

வாரத்துக்கு மூன்று நான்கு முறை வாந்தி, அதோடு நீரும் வலிக்கிறது என்ற இரண்டும் சேர்ந்திருப்பதால், மேலே சொன்ன அவசர அறிகுறி எதுவும் இல்லை என்றாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே உங்கள் அறுவைப் பிரிவைத் தொலைபேசியில் அழையுங்கள். அதற்கு முன், இன்று இரவு ஒரு தாளில் மூன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கடந்த 7 நாள்களில் எந்தெந்த நாள், எதைச் சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் வாந்தி வந்தது, நேற்று காலையிலிருந்து இன்று காலைவரை எத்தனை மில்லி நீர்மம் உள்ளே போனது, எத்தனை முறை, எந்த நிறத்தில் சிறுநீர் கழிந்தது. தயமின் தனியாகக் கொடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். நாளைக்கு உண்ணும் முதல் வேளைக்கு அரை முட்டை எடுத்துக்கொண்டு, கரண்டியை ஒவ்வொரு முறையும் தட்டில் வைத்து, 20 நிமிடம் எடுத்துப் பாருங்கள். அப்படியும் நான்காவது கரண்டியில் அடைத்தால், அதையும் அந்தத் தாளில் சேர்த்து எழுதி மருத்துவரிடம் சொல்லுங்கள்.